வீட்டுத் தொட்டியில் பொரித்த சாலமாண்டரை ஏரியில் விடாதீர்கள்

இந்த வாரமும் ஒரு மெயில். தொட்டியில் ஆக்ஸலாட்டல் (நீரிலேயே வாழும், தவளைக்கு உறவான வாலுள்ள சாலமாண்டர் வகை) முட்டையிட்டு நூற்றுக்கணக்கில் பொரித்துவிட்டதாம், அழிந்துவரும் இனம்தானே, பக்கத்து ஏரியில் விட்டுவிடட்டுமா என்று கேட்கிறார்கள். நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள், அதுதான் எனக்கு இன்னும் வேதனை. வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

குறைந்துவிட்டது என்றால் பெருக்கி விட்டால் சரியாகிவிடும் என்ற கணக்கைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஆக்ஸலாட்டல் காட்டுயிராக மிஞ்சியிருப்பது மெக்சிகோ நகரின் சோச்சிமில்கோ கால்வாய்களில்தான். அங்கே 1998இல் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6000 இருந்தன, 2014இல் 36. முட்டை போடாமலா குறைந்தது? ஒரு பெண் ஒரே ஈட்டில் நூற்றுக்கணக்கில் இடும். வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட கெண்டையும் திலாப்பியாவும் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்க்கின்றன, மேலே நகரத்துக் கழிவு வேறு. அந்தத் தண்ணீரைச் சரிசெய்யாமல் இன்னும் ஆயிரம் குஞ்சு விட்டால் மீனுக்குத் தீனி, அவ்வளவுதான்.

அப்புறம், கடையில் வாங்கியது காட்டு ஆக்ஸலாட்டலும் இல்லை. பல தலைமுறை தொட்டியிலேயே கழிந்த வம்சம், நடுவில் வேறொரு இனமான புலிச் சாலமாண்டரின் மரபணுவும் கலந்திருக்கிறது.

நோய்தான் எனக்குப் பெரிய பயம். நெதர்லாந்தில் நெருப்புச் சாலமாண்டர்களில் 99 சதவீதத்துக்கும் மேல் ஒரு தோல் பூஞ்சையால் போயின. அதே பூஞ்சையைத் தோலில் வைத்துக்கொண்டு ஆசியாவைச் சேர்ந்த நியூட் என்ற சின்னச் சாலமாண்டர் கொழுகொழுவென்று திரியும். "பார்க்க நல்லாத்தானே இருக்கு" என்பது பரிசோதனை ஆகாது. சாலமாண்டர்களை வளர்த்து விடும் நாங்கள் ஒவ்வொன்றின் வயிற்றிலும் பாதங்களிலும் வாலடியிலும் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம், அடுத்ததைத் தொடுமுன் கையுறை மாற்றுகிறோம், முடிவு வரும்வரை எதுவும் வெளியே போகாது.

சரி, வளர்த்து விடுவதே வீணா? இல்லவே இல்லை. மெக்சிகோ நகரில் சீரமைத்த நீர்நிலைகளில் வளர்ப்பு ஆக்ஸலாட்டல்கள் 18ஐ விட்டு ரேடியோ கருவியால் பின்தொடர்ந்த ஆய்வு 2025இல் வெளியானது. கண்காணித்த காலம் முழுக்க அவை உயிரோடு இருந்தன, திரும்பப் பிடித்துப் பார்த்தவை எடையும் கூடியிருந்தன. அமெரிக்காவின் மிசௌரியில் ஓசார்க் ஹெல்பெண்டர் என்ற பெரிய ஆற்றுச் சாலமாண்டரைப் பல வருடம் வளர்த்து, எளிதில் இரையாகாத அளவு வந்தபின், அரிசிமணி அளவு அடையாளச் சிப்பைத் தோலடியில் வைத்து, அந்தந்த ஆற்று வழி வந்ததை அந்தந்த ஆற்றிலேயே விடுகிறார்கள். இதில் எந்தப் படியையும் வீட்டில் செய்ய முடியாது.

ஆணையும் பெண்ணையும் ஒரே தொட்டியில் போடாதீர்கள். முட்டை வந்துவிட்டால் முதல் ஓரிரு நாளிலேயே உறைய வையுங்கள், கஷ்டமாகத்தான் இருக்கும். தொட்டித் தண்ணீரை ஓடையிலோ மழைநீர் வாய்க்காலிலோ கொட்டவே கூடாது. ஓர் ஓடையில் இறங்கிய பூட்ஸைக் கழுவி நன்றாகக் காயவைக்காமல் இன்னொன்றில் இறங்காதீர்கள். ஆற்றில் பெரிய கற்களைப் புரட்டாதீர்கள், ஹெல்பெண்டர் முட்டையிடுவதே அதன் அடியில்தான், ஆண் அங்கேயே காவல் கிடக்கும். அது தூண்டிலில் மாட்டினால் முள்ளுக்கு ஒட்டித் தூண்டில் கயிற்றை வெட்டி அங்கேயே விடுங்கள். எதையாவது பார்த்தால் படம் எடுத்து இடத்தை வனவிலங்குத் துறைக்குச் சொல்லுங்கள், சமூக வலைத்தளத்தில் இடத்தை மட்டும் போடாதீர்கள், பிடித்து விற்கிறவர்களும் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.