‘-டினிப்’: மாத்திரைப் பெயரின் வாலில் இருக்கும் சேதி

இமாட்டினிப், டாசாட்டினிப், நிலோட்டினிப், ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப். எல்லாம் புற்றுநோய் மாத்திரைகள். அடுத்தடுத்துச் சொன்னால் ஒரே வீட்டுப் பிள்ளைகளின் பெயர்போல ஒலிக்கும். உறவும் அப்படித்தான். புதிய மருந்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 1953 முதல் பொதுப்பெயர் வகுத்து வருகிறது. ஒரே மாதிரி வேலை செய்யும் மருந்துகளின் பெயர் பெரும்பாலும் ஒரே ஒலியில் முடியவேண்டும் என்பது அதன் விதி. ‘-டினிப்’ என்று முடிந்தால் அது டைரோசின் கைனேஸ் என்ற நொதியை அடக்கும் மருந்து. முன்னால் நிற்கும் ‘இமா’வுக்கும் ‘நிலோ’வுக்கும் பெரும்பாலும் பொருள் கிடையாது. பகுதிக்குப் பொருளில்லாமல் விகுதிக்கு மட்டும் பொருளுள்ள இந்தப் பகுபதத்தை நன்னூலார் ஏற்றுக்கொண்டிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

கடைசியில் வரும் ‘இப்’, இன்ஹிபிட்டர் என்ற சொல்லின் மிச்சம். அதன் லத்தீன் வேருக்குப் பொருள் ‘பிடித்து நிறுத்து’. டைரோசின் என்ற அமினோ அமிலத்தை 1846இல் ஜெர்மன் வேதியியலர் லீபிக் பாலாடைக்கட்டிப் புரதத்திலிருந்து பிரித்தார். கிரேக்க மொழியில் ‘டைரோஸ்’ என்றால் பாலாடைக்கட்டி. கைனேஸின் வேருக்கு ‘அசைத்தல்’ என்று பொருள். புரதத்தின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஏற்றி, செல்லுக்கு ‘வளர்’ என்று சைகை காட்டும் நொதி அது.

சி.எம்.எல். எனப்படும் நாள்பட்ட ரத்தப்புற்றில் 9ஆம், 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அதனால் பி.சி.ஆர்-ஏ.பி.எல். என்ற கோளாறான கைனேஸ் பிறந்து, ஓயாமல் சைகை காட்டிக்கொண்டே இருக்கிறது. அந்த நொதி எரிபொருள் ஏற்றிக்கொள்ளும் பள்ளத்தில் இமாட்டினிப் போய் உட்கார்ந்துகொண்டு சைகையை அடக்குகிறது. அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது 2001 மே மாதம்.

இந்த மருந்துகளைத் தமிழில் என்ன சொல்வது? மருத்துவமனை வராந்தாவில் வழங்கும் பெயர் ‘கீமோ மாத்திரை’. கீமோ பொதுவாக வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும். அதனால்தான் முடி கொட்டுகிறது. டினிப் மருந்தோ குறிப்பிட்ட நொதிகளைப் பிடிக்கிறது. அதற்காக மற்றதைத் தொடவே தொடாது என்றும் இல்லை. இமாட்டினிப் கிட் என்ற இன்னொரு நொதியையும் அடக்கும். தோலின் நிறமிச் செல்களுக்குக் கிட் தேவை. சிலருக்குத் தோல் வெளுப்பது அதனால்தான். ‘வாய்வழிப் புற்றுநோய் மருந்து’ என்ற மொழிபெயர்ப்பை வாய்ப்புற்றுக்கான மருந்து என்று படிப்பவர்கள் உண்டு. ‘புற்றுநோய்க்கான மாத்திரை’ என்றால் குழப்பமில்லை. ‘குறி மருந்து’ நல்ல தமிழ்தான், ஆனால் வேறு பொருளில் சிரிப்பை வரவழைக்கும். ‘இலக்கு மருந்து’ பிழையில்லை.

இன்ஹிபிட்டருக்குத்தான் சொல் தேடவேண்டியிருக்கிறது. ‘தடுப்பு மருந்து’ என்றால் தடுப்பூசி என்று நினைப்பார்கள். ‘ஒடுக்கி’யை வேதியியல் பாடநூல் வேறு பொருளில் எடுத்துக்கொண்டுவிட்டது. ‘கொல்லி’ அடியோடு தவறு, ஏனென்றால் கொன்றால் வேலை முடிந்துவிடும். எங்கள் தேர்வு ‘நொதியடக்கி’. அடக்கி வைத்தது, கை தளர்ந்தால் எழும்பும். இமாட்டினிப் உடலில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 18 மணி நேரம் ஆகிறது. அதனால் பெரும்பாலோருக்கு நாளுக்கு ஒரு வேளை போதும். ஆனால் அந்த ஒரு வேளை தினமும் வேண்டும். லண்டனில் 87 சி.எம்.எல். நோயாளிகளை மூன்று மாதம் கவனித்த ஆய்வு 2010இல் வெளியானது. மாத்திரை டப்பாவின் மூடி திறக்கும் ஒவ்வொரு முறையையும் மின்கருவி பதிவு செய்தது. நூற்றுக்குத் தொண்ணூறுக்குமேல் ஒழுங்காகப் போட்டவர்களில் பெரும்பாலோருக்கு நோய் ஆழமாக அடங்கியது. அதற்குக் கீழே இறங்கியவர்களில் சிலருக்கே அடங்கியது. தொண்ணூறு என்றால் மாதத்துக்கு மூன்று மாத்திரை விடுபடுவதுதான். ஒரு கல்யாணம், ஒரு ரயில் பயணம், ஒரு வாந்தி நாள் போதும்.

சி.எம்.எல். நாள்பட்ட கட்டத்தில் பெரியவர்களுக்கு இமாட்டினிப்பின் வழக்கமான அளவு தினம் 400 மி.கி. சாப்பாட்டோடு, ஒரு பெரிய தம்ளர் தண்ணீரில் விழுங்கவேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். அதனால் பலருக்கு இரவு இட்லிக்குப் பிறகு என்பதைவிட, வயிறு நிறையும் மதியச் சாப்பாட்டு நேரம் ஒத்துவரலாம். விழுங்க முடியாதவர் 400 மி.கி. மாத்திரையை 200 மில்லி தண்ணீரில் (100 மி.கி. என்றால் 50 மில்லி) போட்டு, கரண்டியால் கலக்கி, கரைந்ததும் உடனே குடித்துவிடவேண்டும். அம்மியில் நசுக்கக் கூடாது. கர்ப்பிணி அந்தப் பொடியைத் தொடவே கூடாது. ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாகப் போடாதீர்கள். வாந்தியில் வெளியே வந்துவிட்டதாகத் தோன்றினாலும் நீங்களாக இன்னொன்று போடவேண்டாம். சிகிச்சை தரும் மருத்துவரைக் கேளுங்கள்.

விகுதி ஒன்று என்பதற்காகச் சாப்பாட்டு விதியும் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது. நிலோட்டினிப் நேர் எதிர்: மாத்திரைக்கு முன் 2 மணி நேரம், பின் 1 மணி நேரம் சாப்பாடு கூடாது. உணவோடு போனால் மருந்து ரத்தத்தில் கூடுதலாக ஏறி, இதயத் துடிப்பின் மின்லயத்தைக் கெடுக்கலாம். இமாட்டினிப்பிலிருந்து நிலோட்டினிப்புக்கு மாற்றப்பட்டவர் பழைய பழக்கத்தில் சோற்றோடு போடுவது நாம் அஞ்சவேண்டிய தவறு. டாசாட்டினிப்புக்குச் சாப்பாடு பொருட்டில்லை, ஆனால் வயிற்று அமிலம் வேண்டும். காலையில் கை தானாக எடுக்கும் ‘கேஸ் மாத்திரை’, அதாவது பான்டோப்ரசோல், ஓமெப்ரசோல் வகை, டாசாட்டினிப் உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். ஜெலுசில்போன்ற அமில முறி மருந்து என்றால் 2 மணி நேரம் முன்போ பின்போ தள்ளிவைக்கவேண்டும்.

இமாட்டினிப்பைச் சிதைப்பது கல்லீரலின் சிப்-3ஏ4 என்ற நொதி. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் அந்த நொதியைத் தூண்டிவிட, ரத்தத்தில் சேரும் இமாட்டினிப் சுமார் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமாசிபினும் அதே திசை. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் கிரேப்ஃப்ரூட் சாறும் மறுதிசையில் மருந்தை ஏற்றிவிடும். பம்ப்ளிமாஸுக்கும் ஆரஞ்சுக்கும் பிறந்த கலப்புதான் கிரேப்ஃப்ரூட். ஆகவே பம்ப்ளிமாஸையும் தள்ளிவைப்பது நல்லது. மூலிகைச் சூரணம் எதுவானாலும் மருத்துவரிடம் காட்டிய பிறகே எடுங்கள்.

இமாட்டினிப் தொடங்கிய முதல் மாதம் வாரம் ஒரு ரத்த அணு எண்ணிக்கை, இரண்டாம் மாதம் இரு வாரத்துக்கு ஒன்று, பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று. கல்லீரல் சோதனையும் இடையிடையே வரும். காலையில் கண்ணிமை உப்புவதும் கெண்டைக்கால் பிடிப்பும் சகஜம். திடீர் எடையேற்றம், மூச்சிரைப்பு, காய்ச்சல், கறுத்த மலம் என்றால் அன்றே போகவேண்டும். கருத்தரிப்பு, சிகிச்சைக் காலத்திலும் நிறுத்தியபின் குறைந்தது 15 நாளும் கூடாது.

அட்டையில் ‘இமாட்டினிப் மெசிலேட்’ என்று பார்த்து வேறு மருந்தோ என்று திகைப்பவர்கள் உண்டு. மெசிலேட் என்பது உப்பு வடிவத்தின் பெயர். 478 மி.கி. மெசிலேட்டில் 400 மி.கி. இமாட்டினிப் இருக்கிறது, மருத்துவர் எழுதுவது இரண்டாவது எண்ணை. அந்த மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்குத்தான் நோவார்ட்டிஸ் காப்புரிமை கேட்டது. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் மறுத்தது, உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று மறுப்பை உறுதிசெய்தது. காப்புரிமைத் தடை இல்லாததால் பல கம்பெனிகளின் இமாட்டினிப் கடையில் கிடைக்கிறது. அட்டையின் நிறமும் கம்பெனி வைத்த பெயரும் மாதத்துக்கு மாதம் மாறலாம். சீட்டில் எழுதிய பொதுப்பெயர் அட்டையிலும் எழுத்து மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள், வாலை மட்டும் அல்ல, தலையையும் சேர்த்து.