வெப்பந்தாங்கியா, வெப்பவிரும்பியா?

ஆழ்கடல் தரையில் சுடுநீர் பீறிடும் வெந்நீர்த் துளைகளைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் 'இங்கே வெப்பந்தாங்கும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன' என்ற வரி தவறாமல் வந்துவிடுகிறது. ஒரே வரியில் இரண்டு கோளாறு.

ஆங்கில மூலச்சொல் தெர்மோஃபைல். கிரேக்கத்தில் தெர்மே என்றால் வெப்பம், ஃபிலோஸ் என்றால் விரும்புவது. அவ்வளவுதான். இதில் தாங்குவது எங்கிருந்து வந்தது?

வலியைத் தாங்குகிறோம், வெயிலைத் தாங்குகிறோம், இல்லாவிட்டால் நிம்மதி. இந்த உயிர்களின் கதையோ தலைகீழ். அட்லாண்டிக் நடுமுகடு என்ற கடலடி மலைத்தொடரில் கிடைத்த பைரோலோபஸ் ஃபியூமாரி என்ற நுண்ணுயிர் 113 பாகை செல்சியஸ் வரை வளரும். 90க்குக் கீழே இறங்கினால் வளர்ச்சியே நின்றுவிடும். நம் கை வெந்துபோகும் சூடு அதற்குக் குளிர்!

வெப்பந்தாங்கி என்ற பெயர் உண்மையில் பொருந்துவது சில பேசில்லஸ் பாக்டீரியாக்களின் வித்துகளுக்கு, அதாவது கெட்ட காலத்தைக் கடத்த அவை எடுக்கும் உறங்குநிலை வடிவத்துக்கு. கொதிநீரில் போட்டாலும் சாகாமல் கிடக்கும். ஆனால் அங்கே வளராது, சூடு தணியட்டும் என்று காத்திருக்கும். அவற்றையும் ஒழித்துக்கட்டத்தான் ஆய்வகங்களில் ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கிருமிநீக்கிக் கலத்தை 121 பாகையில் ஓட்டுகிறார்கள். பசிபிக் கடலடித் துளையிலிருந்து வந்த 'ஸ்ட்ரெயின் 121' என்ற உயிரி, அதே 121 பாகையில் ஒரு நாளில் இரட்டித்ததாக 2003இல் அறிவித்தார்கள். பெயரே அப்படி வந்ததுதான். ஒன்று பல்லைக் கடித்துக்கொண்டு பிழைத்துக் கிடக்கிறது, மற்றொன்று பெருகுகிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால் படிக்கிற மாணவர் என்ன புரிந்துகொள்வார்?

எனவே வெப்பவிரும்பி. 'நுண்ணுயிருக்கு விருப்பம் ஏது?' என்று கேட்பவர்கள் அந்தச் சண்டையைக் கிரேக்கத்தோடு போடட்டும். வெப்பநாடி என்றும் ஒரு யோசனை உண்டு. சுருக்கம்தான், ஆனால் நாடி பிடிக்கும் வைத்தியர் நினைவுக்கு வருகிறார். 80 பாகையிலும் அதற்கு மேலும் செழிப்பவற்றை மீவெப்பவிரும்பி எனலாம். மீயொலி (அல்ட்ராசவுண்ட்), மீக்கடத்தி (சூப்பர்கண்டக்டர்) இருக்கும்போது இதற்கென்ன தடை?

அப்புறம் அந்தப் பாக்டீரியா. துளைகளில் வெப்பவிரும்பிப் பாக்டீரியாக்களும் உண்டு, சரி. ஆனால் மேலே சொன்ன பைரோலோபஸும் ஸ்ட்ரெயின் 121உம் ஆர்க்கியா, பாக்டீரியாவில் சேராத தனி நுண்ணுயிர்ப் பிரிவு. பசிபிக்கின் கலாபகஸ் தீவுகள் அருகே இத்துளைகளை முதலில் நேரில் பார்த்த அதே 1977இல்தான் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் கார்ல் ஊஸ் அந்தப் பிரிவைப் பாக்டீரியாவிலிருந்து பிரித்துக் காட்டினார். மொழிபெயர்ப்பவர்களுக்குச் சேதி இன்னும் போய்ச்சேரவில்லை போலும். அவர்களே துளைகளைக் 'கொதிநீர் ஊற்று' என்றும் எழுதுகிறார்கள். அதுவும் பிழை. 2,500 மீட்டர் ஆழத்தின் அழுத்தத்தில் 350 பாகை நீரும் கொதிப்பதில்லை.