புரூடர்: குஞ்சை அணைக்கும் கூட்டுக்கு என்ன பெயர்?

கோழி வளர்ப்பவர்கள் எல்லோர் வாயிலும் புழங்குகிற சொல் 'புரூடர்'. "குஞ்சைப் புரூடர்ல விட்டாச்சா?", "புரூடிங் எத்தனை நாள்?" என்றுதான் பல்லடத்துப் பண்ணையிலும் பேச்சு, மொட்டை மாடியில் பத்து நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கி விட்டவர் வீட்டிலும் பேச்சு. தாய்க்கோழி இல்லாத குஞ்சுகளுக்கு முதல் மூன்று, நான்கு வாரம் சூடு கொடுத்து வளர்க்கும் இடம் அது. ஒரு அட்டைப்பெட்டியும் ஒரு பல்பும் இருந்தாலும் புரூடர்தான். ஆயிரம் குஞ்சு விடும் கொட்டகையில் தகரத் தகட்டை வட்டமாகக் கட்டியிருந்தாலும் புரூடர்தான்.

இதைத் தமிழில் எழுத உட்காரும்போதுதான் சிக்கல் வருகிறது. 'அடைகாப்பான்' என்று எழுதுகிறார்கள். முட்டை பொரிக்க வைக்கும் இன்குபேட்டருக்கும் 'அடைகாப்பான்' என்றே எழுதுகிறார்கள். இது வெறும் சொல் சண்டை இல்லை. இன்குபேட்டரில் முட்டைக்கு வேண்டிய சூடு ஏறக்குறைய 37.5 டிகிரி செல்சியஸ். கோழி முட்டைக்கு 21 நாள் கணக்கு, அதுவரை சூடு பெரிதாக ஏறி இறங்கக் கூடாது. புரூடரிலோ முதல் வாரம் 35 டிகிரியில் தொடங்கி, வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் இறக்கிக்கொண்டே வர வேண்டும். ஒன்றில் சூட்டை நிலையாக வைப்பது வேலை, இன்னொன்றில் குஞ்சைச் சூட்டுப் பழக்கத்திலிருந்து மெல்ல விடுவிப்பது வேலை. ஒரு பயிற்சி வகுப்பில் "அடைகாப்பானில் முதல் வாரம் 35 டிகிரி" என்று சொன்னதும், பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் "முட்டைக்கா, குஞ்சுக்கா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி வராத அளவுக்குச் சொல் தெளிவாக இருக்க வேண்டாமா?

குழப்பம் ஆங்கிலத்திலிருந்தே வருகிறது. 'ப்ரூட்' என்பது பழைய ஆங்கிலத்துச் சொல். ஒரே அடையில் பொரித்த குஞ்சுக் கூட்டம் என்பது அதன் பெயர்ப்பொருள். சூடு, சூடேற்றுதல் என்னும் பொருள் கொண்ட பழைய வேரிலிருந்து வந்ததாகச் சொல்லாராய்ச்சியாளர்கள் காட்டுகிறார்கள். ஜெர்மன் மொழியின் 'ப்ரூட்டென்', டச்சு மொழியின் 'ப்ரூடன்' எல்லாம் அதன் உறவுதான். இனப்பெருக்கத்தைக் குறிக்கும் 'ப்ரீட்' என்ற ஆங்கிலச் சொல்லும் அதே குடும்பம். வினையாக வரும்போது முட்டை மேல் உட்காருவதும் 'ப்ரூட்', பொரித்த குஞ்சை இறக்கைக்குள் வைத்துக்கொள்வதும் 'ப்ரூட்'. ஒரு கவலையை விடாமல் மனத்துக்குள் வைத்துக்கொண்டிருப்பதும் 'ப்ரூட்'. முட்டைக் கருவிக்கு அவர்கள் லத்தீனில் போய் 'மேலே படுத்திரு' என்ற பொருளுள்ள வினையை எடுத்து இன்குபேட்டர் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அதனால் குஞ்சுக் கூட்டுக்கு 'ப்ரூடர்' என்ற பெயர் சிக்கலில்லாமல் ஒட்டிக்கொண்டது. நாம் அகராதியைத் திறந்து, 'ப்ரூட்' என்றால் அடைகாத்தல் என்று முதலில் கிடைத்த பொருளை எடுத்து, குஞ்சுக் கூட்டின் மேல் ஒட்டிவிட்டோம்.

ஆனால் தமிழில் 'அடை' முட்டையோடு முடிந்துவிடுகிறது. முட்டையை அடை வைக்கிறோம். கோழி அடை படுக்கிறது. படுத்த கோழி அடைக்கோழி. தெற்கே சில ஊர்களில் இதையே 'அவயம்' என்பார்கள். பொழுது சாய்ந்து கோழிகள் கூட்டுக்குத் திரும்புவதையும் "கோழி அடையுற நேரம்" என்கிறோம். ஓர் இடத்தில் போய்ச் சேர்ந்து அசையாமல் இருப்பதுதான் இந்த 'அடை'யின் உயிர். குஞ்சு பொரித்து வெளியே வந்த பிறகு "கோழி அடைகாக்குது" என்று எந்த ஊரிலாவது சொல்கிறார்களா? நான் கேட்டதில்லை. "குஞ்சைக் கூட்டிக்கிட்டுத் திரியுது" என்பார்கள். மழைத்தூறல் விழுந்து, தாய்க்கோழி நின்ற இடத்திலேயே இறக்கையை விரித்து உட்கார்ந்து, பத்துக் குஞ்சும் அடியில் புகுந்து, ஒன்று மட்டும் இறக்கை இடுக்கில் தலையை நீட்டிப் பார்க்கிறதே, அதற்கு "குஞ்சை அணைச்சுக்கிட்டு இருக்கு" என்பார்கள்.

குஞ்சுக்கும் நம் மொழியில் பழைய பெயர்கள் உண்டு. தொல்காப்பிய மரபியல் "பார்ப்பும் பிள்ளையும் பறப்பவற் றிளமை" என்கிறது. கிளிப்பிள்ளை என்று இன்றும் சொல்கிறோமே, அந்தப் பிள்ளைதான். குறுந்தொகை 139ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார், வீட்டில் வாழும் குறுங்கால் பேடைக்கோழி ஒன்றைக் காட்டுகிறார். மாலையில் வேலியோரம் காட்டுப்பூனை வந்ததும், புகும் இடம் தெரியாமல், துன்பப்படும் தன் பிள்ளைகளை அது கூவி அழைக்கிறது. அங்கேயும் குஞ்சுக்குப் பெயர் 'பிள்ளை'. தாயின் குரலும் இறக்கையும்தான் அந்தப் பிள்ளைகளுக்குக் காவல். அதைத்தான் இப்போது பல்பிடம் கொடுத்திருக்கிறோம்.

ஐரோப்பியர்களும் இந்தக் கூட்டைத் தாயாகத்தான் முதலில் பார்த்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிவியலாளர் ரேமூர், முட்டையைச் செயற்கையாகப் பொரிப்பதைப் பற்றி 1749இல் நூல் வெளியிட்டவர், குஞ்சுகள் நுழைந்து ஒண்டிக்கொள்ள ஆட்டுத்தோல் உள்வேய்ந்த பெட்டிகளைச் செய்தார். அவற்றுக்குச் 'செயற்கைத் தாய்' என்று பெயர். பிற்பாடு இங்கிலாந்திலும் இந்தக் கூட்டை 'வளர்ப்புத்தாய்' என்ற பொருள்பட அழைத்தார்கள். நம் இலக்கியத்தில் இதற்குச் செவிலித்தாய் என்ற அழகான சொல் இருக்கிறது. 'செவிலிக்கூடு' என்று சொல்லலாமா என்று எனக்கும் ஒரு சமயம் ஆசை வந்தது. ஆனால் செவிலி என்றதும் இன்று மருத்துவமனைதான் கண்முன் வருகிறது.

சரி, பெயர் வைக்கும் முன் அந்தக் கூடு என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு நாள் குஞ்சின் மேல் இருப்பது இறகு இல்லை, வெறும் பஞ்சுமயிர். தன் உடல் சூட்டைத் தானே பிடித்துவைக்க அதற்கு இன்னும் தெரியாது. வெளியிலிருந்துதான் சூடு வர வேண்டும். இருபத்தைந்து குஞ்சுக்கு மூன்றடி விட்டத்தில் ஒரு வட்டம் போதும். தகரமோ கெட்டி அட்டையோ, ஒன்றரை அடி உயரத்தில் வளைத்துக் கட்ட வேண்டும். கீழே இரண்டு அங்குலம் உமி. குஞ்சுகள் உமியைக் கொத்தித் தின்னாமல் இருக்க முதல் இரண்டு, மூன்று நாள் மேலே சாக்கை விரிக்கலாம். வழவழப்பான தாள் வேண்டாம், கால் வழுக்கி அகண்டுவிடும். குஞ்சுக்கு இரண்டு வாட் என்பது பொதுக் கணக்கு. ஆகவே ஒரு அறுபது வாட் குண்டு பல்பை ஓரடியிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் தொங்கவிட வேண்டும். எல்இடி பல்பு உதவாது. வெளிச்சம் வரும், சூடு வராது. தண்ணீர்த் தட்டில் நாலு கூழாங்கல் போட்டால் குஞ்சு உள்ளே விழுந்து நனையாது.

வட்டம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் முதன்முதலில் குஞ்சு விட்டது ஒரு பழைய டிவிப் பெட்டியில். நாலு மூலையும் இருந்தது. விடியற்காலை இரண்டு மணிக்கு மின்சாரம் போயிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. காலையில் பார்த்தால் எல்லாக் குஞ்சும் ஒரே மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. மேலே இருந்தவை கண்ணைத் திறந்தன. அடியில் இருந்த நான்கும் தட்டையாக, இன்னும் கொஞ்சம் சூட்டோடு, செத்துக் கிடந்தன. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். தாய் இல்லாத இடத்தில் குஞ்சு மிதித்துக் குஞ்சு சாகிறது. வட்டத்தில் ஒதுங்க மூலை கிடையாது. இப்போதெல்லாம் மின்தடை வந்தால் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி நடுவில் வைத்துவிடுகிறேன்.

சூடு சரியா என்று அறிய வெப்பமானியைவிடக் குஞ்சே நல்ல சாட்சி. பல்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டு கீச்சுக்கீச்சென்று விடாமல் கத்தினால் குளிர்கிறது, பல்பை இறக்க வேண்டும். தடுப்போரம் ஒதுங்கி, வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், ஏற்ற வேண்டும். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. பூ உதிர்ந்த மாதிரி வட்டம் முழுக்கப் பரவி, சில தின்ன, சில கழுத்தை நீட்டித் தூங்கினால் எல்லாம் சரி. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பகலில் பல்பே தேவைப்படாத நாளும் உண்டு. அதையும் குஞ்சுதான் சொல்லும்.

இந்தக் கூடு செய்வது அணைத்தல். இறக்கை செய்ததைச் செய்கிறது. அதனால் 'குஞ்சணை' என்பது என் பரிந்துரை. தலையணை, பஞ்சணை என்று மெத்தென்ற பொருள்களுக்கு 'அணை' என்று வரும் சொற்கள் ஏற்கெனவே நம் வீட்டில் இருக்கின்றன. தோட்டத்திலும் வாழைக்கு மண் அணைக்கிறோம். இளசாக இருக்கும் ஒன்றைச் சுற்றிக் காப்பாகச் சேர்ப்பது என்ற பொருள் உழவருக்குப் புதிதில்லை. 'குஞ்சணைப்பான்' வேண்டாம். தீயணைப்பான் நினைவுக்கு வரும், விளக்கை அணைப்பதுபோல் குஞ்சை அணைப்பதாக அபத்தமான பொருள் தட்டும். 'வெப்பக்கூண்டு' என்று சிலர் எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் எதற்கு வெப்பம் என்று அந்தச் சொல் சொல்லவில்லை. கூண்டு என்றாலே அடைத்துவைப்பதாகவும் தொனிக்கிறது.

அப்படியானால் 'அடைகாப்பான்' என்பதை இன்குபேட்டருக்கே முழுதாகக் கொடுத்துவிடலாம், அது அதற்குப் பொருந்திய பெயர். புரூடருக்குக் 'குஞ்சணை'. புரூடிங் என்பதற்குக் 'குஞ்சு அணைத்தல்'. சுற்றிக் கட்டும் தகடு 'குஞ்சணைத் தடுப்பு'. சூடு கீழே இறங்க பல்புக்கு மேல் கவிழ்க்கும் தகரத்துக்குக் 'குடை' போதும், கொட்டகையில் இப்போதே சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். கடையில் போய்க் கேட்கும்போது 'புரூடர் பல்பு' என்றே கேளுங்கள், கடைக்காரருக்கு அதுதான் தெரியும். எழுதும்போதும், பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லிக்கொடுக்கும்போதும் குஞ்சணை என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் தெருவில் நான் சொன்ன மூன்று பேரில் ஒருவரும் திரும்ப "அப்படின்னா என்ன?" என்று கேட்கவில்லை.