ஒரே இரவில் அடங்கிப்போகும் காது

சோமனூர் பக்கம் விசைத்தறி ஓட்டியே முப்பது வருடம் கழித்தவர் என் சித்தப்பா. ஒருநாள் காலையில் செல்போனை இடது காதிலிருந்து எடுத்து, "ஏஞ்சாமி, இந்தப் போனு ரிப்பேரா? சத்தமே வரலியே" என்றார். வலது காதில் வைத்தால் நன்றாகக் கேட்டது. முந்தின இரவு படுக்கும்வரை இரண்டு காதும் சரியாகத்தான் இருந்தன. குறும்பி அடைத்திருக்கும் என்று பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை விட்டோம். அப்புறம் சளி என்றோம். ஒன்பதாம் நாள்தான் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். அந்த ஒன்பது நாளை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

தறிச் சத்தம்தான் காரணம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். தறிக்குடோனில் சத்தம் 90 டெசிபலைத் (டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் அலகு) தாண்டும், அது காதைக் கெடுக்கும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அந்தக் கேடு வருடக்கணக்கில், பெரும்பாலும் இரண்டு காதிலும் வரும். மூன்று நாளுக்குள், அநேகமாக ஒரே காதில், கேட்புச் சோதனையில் அடுத்தடுத்த மூன்று சுருதிகளிலாவது (ஒலி அதிர்வெண்களிலாவது) 30 டெசிபலோ அதற்கு மேலோ கேட்கும் திறன் இறங்கினால் அது வேறு நோய். உள்காதிலோ செவி நரம்பிலோ வரும் திடீர் கேட்பிழப்பு.

உள்காதில் நத்தை ஓடு போல இரண்டரைச் சுற்றுக்கு மேல் சுருண்ட ஒரு குழல் இருக்கிறது. அதற்குள் திரவம், சுமார் 15,000 மயிர்ச்செல்கள். செவிப்பறை அதிர்ந்தால் திரவம் அசையும். செல்லின் மயிர்கள் சாயும். உடனே பொட்டாசியம் அயனிகள் செல்லுக்குள் பாய, நரம்பு மூளைக்குச் சேதி அனுப்பும். இத்தனைக்கும் ஆக்சிஜன் ஓயாமல் வேண்டும். அதைக் கொண்டுவருவதோ நூல்போன்ற ஒரே ஒரு ரத்தக்குழாய். கீழ்பவானிக் கடைமடையில் காடு வைத்திருப்பவருக்கு இது சொல்லாமலே புரியும்: அந்த ஒரு மடை அடைத்தால் வேறு பக்கமிருந்து தண்ணீர் வராது. செத்த மயிர்ச்செல் மனிதருக்குத் திரும்ப முளைப்பதும் இல்லை.

அந்தக் குழாயில் அடைப்பா, வைரஸால் வந்த அழற்சியா, நம் எதிர்ப்புச் சக்தியே உள்காதைத் தாக்குகிறதா? பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் பிடிபடாமலே போகிறது. சிலருக்கு மட்டும் செவி நரம்பில் புற்றுநோயல்லாத கட்டி இருக்கும். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வது அதற்காகத்தான்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். வாயை மூடி 'ம்ம்ம்' என்று இழுங்கள். அடைத்த காதில் சத்தம் தூக்கலாகக் கேட்டால் பெரும்பாலும் குறும்பியோ சளியோதான்; மண்டை எலும்பு வழியாகப் போகும் ஒலி அங்கே வெளிச்சத்தத்தின் இடைஞ்சல் இல்லாமல் கேட்கிறது. நல்ல காதுப் பக்கம் சத்தம் ஒதுங்கினால் கோளாறு உள்காதில். டாக்டர் இசைக்கவையை (தட்டினால் ஒலிக்கும் கவை வடிவ உலோகக் கருவி) தட்டி நெற்றியில் வைப்பதும் இதே கணக்குதான். ஆனால் இதை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். எது என்று உறுதியாகச் சொல்வது ஆடியோகிராம் என்கிற கேட்புத்திறன் சோதனை.

மருந்தே இல்லாமலும் மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு பேர் வரை ஓரளவு மீள்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கவும் அந்த இரண்டு வாரம்தான் தோதான காலம். அதில் தேறாவிட்டால் செவிப்பறை வழியாக ஊசி போட்டு மருந்தை நடுக்காதில் விடுவார்கள். அதற்கு ஆறு வாரம் வரை வாய்ப்பு உண்டு. சர்க்கரை உள்ளவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், மாத்திரையில் சர்க்கரை ஏறும். கேட்பு முழுவதும் போயிருந்தாலோ, கூடவே தலைசுற்றல் வந்தாலோ, வயது கூடியிருந்தாலோ மீட்சி குறைவு.

சித்தப்பாவுக்கு மாத்திரையும் ஊசியுமாகப் பாதிதான் திரும்பியது. ஒலி எந்தக் காதுக்கு முதலில் வருகிறது, எதில் பலமாகக் கேட்கிறது என்று ஒப்பிட்டுத்தான் மூளை திசை அறியும். ஹாரன் சத்தம் எந்தப் பக்கம் என்று அவருக்கு இப்போது பிடிபடுவதில்லை. ரோட்டில் போகும்போது நாங்கள் யாராவது அவருக்கு இடப்பக்கமாக நடக்கிறோம்.