பிறந்த குழந்தைக்கு ஏன் கறுப்பும் வெள்ளையும்?

முதல் குழந்தையை எதிர்பார்த்திருக்கும் வாசகி ஒருவர், தமக்கு அன்பளிப்பாக வந்த பொருள்களின் படங்களை அனுப்பி ஒரு கேள்வி கேட்டிருந்தார். பட்டைக் கோடுகள் அச்சிட்ட துணிப் புத்தகம், நரியும் ஆந்தையும் மெல்லிய கோட்டோவியமாக ஓடும் போர்வை, தொட்டிலுக்கு மேல் மாட்டுவதற்கான மரத் திமிங்கிலங்கள் என எல்லாமே நேர்த்தியான வடிவமைப்பில், கறுப்பு வெள்ளையைத் தவிர வேறு நிறமே இல்லாமல் இருந்தன. குழந்தைக்குப் பளிச்சென்ற வண்ணங்கள்தானே பிடிக்கும் என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். அட்டைப்பெட்டியிலோ ‘மூளை வளர்ச்சிக்கு உகந்தது’ என்று அச்சிட்டிருக்கிறது. யாரை நம்புவது என்று கேட்கிறார். சுருக்கமான பதில் இது: கறுப்பு வெள்ளையைத் தேர்ந்தது சரி, பெட்டியில் உள்ள வாசகம் ஆதாரமற்றது, பெரியவர்கள் சொல்வது சில வாரங்கள் கழித்துப் பொருந்தத் தொடங்கும். ஏன் அப்படி என்பதை அறியப் பிறந்த குழந்தையின் விழித்திரைக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும். உயிரியலில் நான் அறிந்தவற்றுள் என்னை மிகவும் வியக்க வைப்பது அங்கே நடக்கும் வேலைதான்.

கண்ணின் அடிப்படையைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். கருவிழியும் லென்சும் ஒளியைக் குவிக்கின்றன. விழித்திரையில் பிம்பம் விழுகிறது. அங்குள்ள கோல் செல்கள் மங்கிய ஒளியிலும், கூம்புச் செல்கள் பகல் ஒளியிலும் நிறங்களிலும் வேலை செய்கின்றன. பிறந்த குழந்தையின் கண் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளம் உடையது. பெரியவர்களின் கண் 24 மில்லிமீட்டர். அளவு சிறியதே தவிர, ஆரோக்கியமான குழந்தையின் லென்சும் கருவிழியும் தெளிவானவை. விழித்திரையில் விழும் பிம்பமும் நாம் நினைப்பதைவிடக் கூர்மையானது. ஆகவே, குழந்தைக்கு உலகம் தெளிவற்றுத் தெரிவதற்குக் கண்ணாடி போட்டுச் சரிசெய்யக்கூடிய குறை எதுவும் காரணமன்று. பிம்பம் ஒழுங்காக வந்து சேர்கிறது. அதைப் பெற்றுக்கொள்ள வேண்டிய இடம்தான் இன்னும் கட்டி முடிக்கப்படவில்லை.

அந்த இடம் விழித்திரையின் நடுவில் உள்ள மையக்குழி. நாம் எழுத்தைப் படிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும், முகத்தை அடையாளம் காண்பதும் அந்தச் சின்னஞ்சிறு குழியைக் கொண்டுதான். பெரியவர்களின் மையக்குழியில் ஒவ்வொரு கூம்புச் செல்லும் சுமார் 2 மைக்ரோமீட்டர் தடிமனே உள்ள ஒல்லியான, நெடிய செல். இடைவெளியே இல்லாமல் அவை நெருக்கியடித்து நிற்கின்றன. செல்லின் உட்பகுதி புனல்போல ஒளியை வாங்கி, நிறமி நிறைந்த நீளமான வெளிப்பகுதிக்குள் செலுத்துகிறது. பிறந்த குழந்தையின் கூம்புச் செல்லோ 6 மைக்ரோமீட்டருக்கும் அதிகமான அகலத்துடன், குட்டையாகவும் தடித்தும் இருக்கிறது. நிறமி உள்ள வெளிப்பகுதி, பெரியவர்களிடம் உள்ள நீளத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தடித்த உட்பகுதிக்கு ஒளியைப் புனல்போலக் குவிக்கும் திறனும் இன்னும் வரவில்லை.

மழை பெய்யும்போது முற்றம் முழுவதும் உயரமான குழாய்களை நெருக்கி வைத்து, ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு புனலைப் பொருத்தியிருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். பெரும்பாலான துளிகள் ஏதாவதொரு குழாய்க்குள் போய்ச் சேரும். எந்தத் துளி எந்த இடத்தில் விழுந்தது என்பதும் துல்லியமாகத் தெரியும். அதே முற்றத்தில், வாய் குறுகிய சில குட்டை ஜாடிகளை மட்டும் ஆங்காங்கே வைத்திருந்தால், மழை எவ்வளவு பெய்தாலும் பெரும்பகுதி தரையில் விழுந்து வீணாகும். மார்ட்டின் பேங்க்ஸ், பாட்ரிக் பென்னட் என்ற இரு ஆய்வாளர்கள் 1988இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். பெரியவர்களின் மையக்குழியில் ஒளியை உண்மையாகவே பிடிக்கக்கூடிய பரப்பு 65 சதவீதம். பிறந்த குழந்தைக்கு அது வெறும் 2 சதவீதம். அந்த எண்ணை முதன்முதலில் படித்த அன்று நான் நெடுநேரம் அந்தப் பக்கத்தைவிட்டு நகரவில்லை. தாயின் முகத்தை அத்தனை ஆர்வத்தோடு உற்றுப் பார்க்கும் அந்தக் கண், கைக்கெட்டும் ஒளியில் மிகச் சிறு துளியை வைத்துக்கொண்டுதான் அதைப் பார்க்கிறது.

பிறந்த பிறகு இந்தச் செல்கள் இடம்பெயரத் தொடங்குகின்றன. மையக்குழிக்கு மேலே மூடியிருக்கும் மற்ற நரம்புச் செல் அடுக்குகள் ஓரத்தை நோக்கி விலகிக் குழி ஆழமாகிறது. கூம்புச் செல்கள் எதிர்த்திசையில் நடுவை நோக்கி நெருங்கி வருகின்றன. நெருங்க நெருங்க ஒவ்வொன்றும் ஒல்லியாகி உயர்கிறது. குழந்தை பால் குடிக்கிறது, உறங்குகிறது, அழுகிறது. அந்த நேரமெல்லாம் கண்ணின் பின்சுவரில் ஆயிரக்கணக்கான செல்கள் மெதுவாக வரிசை திருத்திக்கொண்டிருக்கின்றன. முதல் ஆறு மாதங்களில் இதன் பலன் நன்றாகத் தெரியும். ஆயினும் குழந்தைக்கு நான்கு வயது நெருங்கும்போதும் இந்த வேலை முற்றாக முடிந்திருப்பதில்லை.

இனி அன்பளிப்புப் பொருள்களுக்கு வருவோம். விழித்திரை இப்படி இருப்பதால் குழந்தை இரண்டை இழக்கிறது: நுணுக்கமான விவரம், மெல்லிய ஒளி வேறுபாடு. நல்ல பார்வை உள்ள பெரியவர், பார்வைக்கோணத்தின் ஒரு பாகைக்குள் 30 ஜோடிக் கறுப்பு வெள்ளைக் கோடுகளைப் பிரித்துக் காண்பார். பிறந்த குழந்தையால் ஏறத்தாழ ஒரு ஜோடியைத்தான் காண முடியும். 30 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு பாகை என்பது சுமார் 5 மில்லிமீட்டர். ஆக, ஒரு கறுப்புக் கோடும் ஒரு வெள்ளைக் கோடும் சேர்ந்து 5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால், குழந்தைக்கு அவை கோடுகளாகவே தெரியாது. சீரான சாம்பல் நிறமாகக் கலந்துவிடும். துணிப் புத்தகத்தின் பட்டைகள் ஒரு சென்டிமீட்டர் அகலம் இருந்தால் அவை தாராளமாகத் தெரியும். போர்வையில் அரை மில்லிமீட்டர் கோட்டில் வரைந்த நரி, முதல் வாரங்களில் குழந்தையைப் பொறுத்தவரை அங்கே இல்லவே இல்லை. அந்த நரியை ரசிக்கப்போவது பெற்றோர் மட்டுமே. அதில் தவறில்லை, பெற்றோரும் நாள் முழுதும் அந்தப் போர்வையைப் பார்த்தபடி இருக்கிறவர்கள்தாம்.

பேச்சு வராத குழந்தையிடம் இதையெல்லாம் எப்படிக் கேட்டறிந்தார்கள் என்பது தனி அழகு. ராபர்ட் ஃபாண்ட்ஸ் என்ற உளவியலாளர் 1963இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்து ஐந்து நாள்கூட ஆகாத குழந்தைகளின் முன் ஆறு வட்டத் தட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். மூன்றில் முகம், வட்டத்துக்குள் வட்டம், செய்தித்தாள் துண்டு ஆகிய கறுப்பு வெள்ளை உருவங்கள் இருந்தன. மற்ற மூன்றும் வெள்ளை, மஞ்சள், அடர் சிவப்பு எனக் கோலமற்றவை. உருவம் உள்ள தட்டுகளைக் குழந்தைகள் வெகுநேரம் பார்த்தன. இன்று விற்கும் கறுப்பு வெள்ளைப் பொருள்கள் பலவற்றின் மூலத்தை இத்தகைய ஆய்வுகளில்தான் காண்கிறோம். டேவிடா டெல்லர் இந்த முறையை மேலும் கூராக்கினார். ஒரு சாம்பல் அட்டையின் ஒரு பக்கத்தில் மட்டும் கறுப்பு வெள்ளைக் கோடுகள் இருக்கும். அவற்றின் சராசரி வெளிச்சம் அட்டையின் சாம்பலோடு ஒத்திருக்கும். அட்டையின் நடுவில் உள்ள சிறு துளை வழியாகக் குழந்தையின் கண்களைக் கவனிப்பவருக்குக் கோடுகள் எந்தப் பக்கம் என்று தெரியாது. குழந்தையின் பார்வை போகும் திசையைக் கொண்டே அவர் அதைச் சரியாகச் சொல்லிவிட்டால், குழந்தைக்குக் கோடு தெரிகிறது என்று பொருள். கோடுகளை மெல்ல மெல்ல நெருக்கமாக்கினால், ஒரு கட்டத்தில் குழந்தைக்கு அட்டை முழுதும் ஒரே சாம்பலாகிவிடும். பார்வையும் எந்தப் பக்கமும் சாயாது. இந்த அட்டைகள் இன்று குழந்தைகளின் கண் பரிசோதனையில் பயன்படுகின்றன.

நிறம் தெரியவே தெரியாது என்பதும் தவறு. பரப்பு பெரிதாகவும் நிறம் அடர்த்தியாகவும் இருந்தால், பிறந்த குழந்தைகூடச் சிவப்பைச் சாம்பலிலிருந்து பிரித்தறியும். இரண்டாம் மாதத்தில் சிவப்பும் பச்சையும் பிரிகின்றன. நீல வேறுபாடு கடைசியாக வந்து சேர, மூன்று நான்கு மாதங்களில் நிறப்பார்வையின் அடிப்படை அமைந்துவிடுகிறது. எனவே முதல் மாதத்தில் பயனற்றுப்போவது, வெள்ளைப் பின்னணியில் தீட்டிய வெளிர் நீலமும் வெளிர் ரோஜாவும்தான்.

பெட்டியின் வாசகத்தைப் பற்றி என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. குழந்தை ஒன்றை நீண்ட நேரம் பார்க்கிறது என்பதற்கும், அதைப் பார்ப்பதால் மூளை கூடுதலாக வளர்கிறது என்பதற்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது. ஒன்று முதல் இரண்டு மாதக் குழந்தைகளுக்கு, கண்ணைக் கவர்ந்த ஒன்றிலிருந்து பார்வையை விலக்கிக்கொள்வதே கடினம்; மூளையில் அதற்கான கட்டுப்பாடு இன்னும் முதிரவில்லை. கோடுகளில் ஒட்டிக்கொண்டதுபோல் நிலைத்திருக்கும் அந்தப் பார்வையைப் பெற்றோர் ஆழ்ந்த ஆர்வம் என்று கொள்கிறார்கள். பல நேரங்களில் அது விடுபட முடியாத நிலைதான். அட்டையைக் காட்டினால் அறிவு கூடும் என்ற நம்பிக்கை, அறிவியலின் சொற்களை உடுத்திய மூடநம்பிக்கை. இதை அலங்கரித்து விற்பதற்குப் பணம் தாராளமாக வருகிறது. ஒரு குழந்தை சில நிமிடங்கள் விழித்திருக்கும் நேரத்துக்காகக் காத்துக்கிடந்து செய்ய வேண்டிய அடிப்படை ஆய்வுக்குத்தான் வருவதில்லை. பிறவிக் கண்புரையோடு பிறந்த குழந்தைக்கு எத்தனை வாரங்களுக்குள் அறுவை செய்தால் பார்வை தேறும் என்ற அறிவு, பார்வை வளரும் காலத்தைப் பொறுமையாக ஆராய்ந்தவர்களின் உழைப்பால் கிடைத்தது. அத்தகைய ஆய்வுகளுக்குப் பொதுப்பணத்தில் உறுதியான பங்கு வேண்டும்.

மரத் திமிங்கிலங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நண்பர் வீட்டில் இதுபோன்ற ஒன்றைத் தொட்டிலுக்கு மேல் மாட்டியிருந்தார்கள். நின்று பார்த்தபோது வால், துடுப்பு, சிறு கண் என்று வெகு அழகு. தொட்டிலுக்குள் தலையை நுழைத்து, குழந்தையின் தலை இருக்கும் இடத்திலிருந்து மேலே பார்த்தேன். ஐந்து மெல்லிய பலகை விளிம்புகளைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. திமிங்கிலத்தின் முகம் முழுதும் அறையில் நிற்பவர்களுக்குக் காட்டப்பட்டிருந்தது. உருவங்களைக் கீழ்நோக்கித் தட்டையாகக் கட்டினால் இந்தக் குறை தீர்ந்துவிடும். இத்தாலிய வடிவமைப்பாளர் புரூனோ முனாரியின் பெயரால் வழங்கும் கறுப்பு வெள்ளைத் தொங்குபொம்மையில் எளிய வடிவங்களையும் ஒரு கண்ணாடி உருண்டையையும் வைத்து அமைக்கிறார்கள்.

தொங்குபொம்மை அசைவதாலும் அதற்கு மதிப்பு. கரோலின் ரோவி-காலியர், 1969இல் வெளியான ஆய்வில், மூன்று மாத அளவுள்ள குழந்தையின் கணுக்காலை ஒரு நாடாவால் தொங்குபொம்மையோடு இணைத்தார். காலை உதைத்தால் பொம்மை ஆடும் என்பதைக் குழந்தை சில நிமிடங்களில் கண்டுகொண்டு, வேகமாக உதைக்கத் தொடங்கியது. பின்னர் நடந்த சோதனைகளில், ஒரு வாரம் கழித்து அதே பொம்மையைக் கண்டதும் குழந்தைகள் மீண்டும் உதைத்தன. நாடா கட்டுவதை வீட்டில் முயல வேண்டாம். கழுத்திலோ விரலிலோ சுற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு.

முகத்தைவிடச் சிறந்த கறுப்பு வெள்ளைப் பொருளை இதுவரை யாரும் வடிவமைக்கவில்லை. மடியில் கிடக்கும் குழந்தைக்கு அது சரியான தூரத்தில் இருக்கிறது. நெற்றியும் தலைமுடியும் சந்திக்கும் வரம்பு, கண்கள், உதடு எல்லாம் தெளிவான ஒளி வேறுபாடு கொண்டவை. அது அசையவும் பேசவும் செய்கிறது. பிறந்து சில நாள்களே ஆன குழந்தை தாயின் முகத்தை வேற்று முகத்திலிருந்து பிரித்தறிகிறது. ஆனால் இருவரும் தலைமுடியின் வரம்பை மறைத்துத் துணி கட்டிக்கொண்டால், அந்த அடையாளம் கைவிட்டுப்போகிறது என்று 1995இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

வாசகிக்கு இனி நடைமுறைக் குறிப்பு. துணிப் புத்தகத்தை 30 சென்டிமீட்டர் தூரத்தில் காட்டுங்கள். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால் மூடிவிடுங்கள். போர்வையை உறங்கும் இடத்தில் போடாதீர்கள். முதல் ஆண்டில் தளர்ந்த துணிகள் மூச்சை அடைக்கக்கூடும். திமிங்கிலங்களைக் கைக்கு எட்டாத உயரத்தில், வயிற்றுப்புறம் கீழே தெரியும்படி மாட்டுங்கள். அந்த வயிற்றில் அகலமான கறுப்புப் பட்டைகளைத் தீட்டிக்கொள்ளலாம். மூன்றாம் மாதம் சிவப்பையும் நீலத்தையும் சேர்க்கலாம். ஐந்தாம் மாதத்திலோ, அதற்கு முன்பே குழந்தை கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி எழ முயன்றால் அன்றைக்கோ, திமிங்கிலங்களைக் கழற்றிவிடுங்கள்.