புது கோய் மீன் வந்தா முதல்ல தெர்மாமீட்டரைப் பாருங்க

புதுசா வாங்கின கோய், அதான் குளத்துல அழகுக்கு வளர்க்கற கலர் மீன், தனித்தொட்டில ரெண்டு வாரம் நல்லா சாப்பிட்டு நீந்துது, சரி நோய் ஒண்ணும் இல்லன்னு குளத்துல விட்டுடறோம், அடுத்த சில நாள்ல வருஷக்கணக்கா வளர்த்த மீனெல்லாம் ஒண்ணொண்ணா மிதக்க ஆரம்பிச்சிடுது. இது பல தடவை கேஹெச்வியோட வேலை, அதாவது கோய் ஹெர்பிஸ் வைரஸ். 2003 அக்டோபர்ல ஜப்பான் கசுமிகௌரா ஏரில வளர்ப்பு கெண்டை ஆயிரம் டன்னுக்கு மேல செத்துச்சு, மறு வருஷம் பிவா ஏரில லட்சம் கெண்டைக்கும் மேல. கோயும் கெண்டை இனம்தான், ரெண்டையும் இது விடாது.

செவுள் மூடியை மெதுவா தூக்கிப் பாருங்க. இந்த நோய் வந்திருந்தா, ரத்தச் சிவப்பா இருக்க வேண்டிய இடத்துல அங்கங்க வெளுத்து, அழுகின மாதிரி திட்டு இருக்கும், கண்ணு உள்ள போயிருக்கும், தோல்ல வழவழப்பு போய் சொரசொரன்னு இருக்கும். அந்த நிலைமைக்கு மருந்தே கிடையாது.

இந்த வைரஸுக்கு தண்ணியோட சூடுதான் எல்லாமே. 16லேர்ந்து 28 டிகிரிக்குள்ளதான் அது கொல்லும், ஜில்லு தண்ணில மீனுக்குள்ளயே சத்தமில்லாம கெடக்கும், அதனால குளிர்ல ரெண்டு மாசம் பிரிச்சு வெச்சாலும் அது க்வாரண்டைன் கணக்குல வராது. 23, 24 டிகிரில குறைஞ்சது நாலு வாரம் வைங்க, கூடவே உங்க குளத்து மீன் ஒண்ணையும் விடுங்க. மனசு கேக்காதுதான், ஆனா புது மீன் தனக்கு ஒண்ணும் ஆகாம வைரஸை சுமந்துட்டு இருக்கலாம், நம்ம மீனுக்கு நோய் வந்தாத்தான் அது தெரியவரும். வலை, வாளி எல்லாம் அந்தத் தொட்டிக்குன்னு தனியா.

எனக்கு ரொம்ப ஆச்சரியமான விஷயம், மீனுக்கும் காய்ச்சல் உண்டு! உடம்பு தானா சூடாகாதுங்கறதால நோய் வந்த கெண்டை சூடான தண்ணியத் தேடிப் போகும். 2017ல வந்த ஒரு ஆராய்ச்சில 24, 28, 32 டிகிரின்னு அறை பிரிச்ச தொட்டில விட்டாங்க, நோய் வந்த மீனெல்லாம் 32க்குப் போய் பொழைச்சிடுச்சு. ஆனா வைரஸ் சும்மா இல்ல, காய்ச்சலைக் கிளப்புற சிக்னலையே புடிச்சு அமுக்குற ஒரு புரதத்தை அது செய்யுது, மீன் சூட்டுக்குப் போறது லேட்டாகுது, அதுக்குள்ள இது பெருகிடுது.

அதான் ஹீட்டர் போட்டு 30க்கு ஏத்தினா சாவு நிக்குது. ஆனா வைரஸ் உள்ளயே பதுங்கிடும், அப்படிப் பொழைச்ச மீனை வித்துடாதீங்க, யாருக்கும் சும்மாகூட குடுக்காதீங்க.