காணொளி நிறுவல்: ஒரு சொல் விளக்கம்

திரைகளையும் கேமராக்களையும் பொருட்களையும் ஓர் இடத்தில் நிறுத்திவைத்து உருவாக்கும் கலை 'வீடியோ இன்ஸ்டலேஷன்'. அதைக் 'காணொளிக் காட்சி' என்று எழுதினால், முதல்வர் தலைமைச் செயலகத்தில் இருந்தபடி பாலம் திறந்து வைப்பதுதான் நம் வாசகர் நினைவுக்கு வரும். செய்தித்தாள்கள் அந்தச் சொல்லை வீடியோ கான்ஃபரன்சுக்கு எடுத்துக்கொண்டு விட்டன. 'கண்காட்சி' என்றால் வரிசையாக மாட்டிய ஓவியங்கள். இந்தக் கலைக்கு வேறு சொல் வேண்டும்.

வீடியோ என்ற லத்தீன் சொல்லுக்கு 'நான் காண்கிறேன்' என்று பொருள். தொலைக்காட்சி தலைகாட்டிய 1930களில், ஆடியோவுக்கு இணையாக ஆங்கிலம் அதை எடுத்துக்கொண்டது. இன்ஸ்டலேஷனுக்குள் ஒளிந்திருப்பது 'ஸ்டால்', அதாவது இருக்கை. தேவாலயத்தில் ஒருவரை அவருக்குரிய இருக்கையில் அமர்த்திப் பதவி ஏற்கச் செய்வதைத்தான் முதலில் அது குறித்தது. அப்புறம் இயந்திரம் பொருத்துவதற்கு வந்தது, கடைசியில் கலைக்கும் வந்தது.

இந்த இரண்டு வேர்களும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும் படைப்பு ஒன்று உண்டு. சியோலில் 1932இல் பிறந்த வீடியோ கலைஞர் நாம் ஜூன் பைக் 1974இல் செய்த 'டிவி புத்தர்'. புத்தர் சிலை ஒன்று அமர்ந்திருக்கிறது. எதிரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, கூடவே புத்தரை நோக்கி ஒரு கேமரா. கேமரா பிடிப்பது அந்த நொடியே திரையில் தெரிகிறது. புத்தர் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார், நாள் முழுக்க. நாம் அவருக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தால் திரையில் நம் முகமும் வந்துவிடும். 'நான் காண்கிறேன்' என்பதன் தனிமையை இதைவிடக் கிட்டத்தில் காட்டிய படைப்பை நான் அறியேன்.

1995இல் பைக் நேர் எதிர்த் திசையில் போனார். 'எலக்ட்ரானிக் சூப்பர்ஹைவே' என்ற படைப்பில் 336 தொலைக்காட்சிகளை அடுக்கி, மாநில எல்லைகளை நியான் விளக்கால் வரைந்து, அமெரிக்க வரைபடத்தையே எழுப்பினார். அகலம் சுமார் 40 அடி. எந்தத் திரையைப் பார்ப்பது என்று கண் தடுமாறும். இந்த நிலையை 'ஊடக மிகை' என்கிறார்கள். எனக்கு 'ஊடகத் திகட்டல்' பிடிக்கும், இனிப்பு திகட்டுவது போலத்தானே இதுவும். அத்தனை திரைகளுக்கு நடுவே, தலைநகர் வாஷிங்டன் இருக்கும் இடத்தில் ஒரு சின்னத் திரையில் மட்டும் பார்ப்பவரின் உருவமே தெரியும்.

சரி, தமிழுக்கு வருவோம். வீடியோவைக் காணொளி (காண் + ஒளி) என்றும் காணொலி (காண் + ஒலி) என்றும் இரண்டு விதமாக எழுதுகிறோம். இங்கே காணொளியே பொருந்தும், டிவி புத்தரில் ஒலியே கிடையாது. இன்ஸ்டலேஷனுக்கு 'அமைப்பு' போதாது, அது சங்கத்துக்கும் பொதுச்சொல். 'நிறுவல்' சரியான சொல். சிலையை நிறுவுகிறோம், மென்பொருளை நிறுவுகிறோம். புத்தர் சிலையையும் மின்கருவியையும் ஒரே வினைச்சொல் தாங்குகிறது.

ஆகவே காணொளி நிறுவல். பேச்சில் 'வீடியோ நிறுவல்' என்று வந்தாலும் பரவாயில்லை, நிறுவலை விட்டுவிட வேண்டாம். எதை எங்கே நிறுத்தினார்கள், நாம் எங்கே நிற்கிறோம் என்பதில்தான் இந்தக் கலையே இருக்கிறது.